துணைக்கு வந்தவர்கள் வெளியே இருங்கள்

நகரத்துக்கு ஒரு திட்டம் எப்படித் தயாராகிறது என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். யாரையும் விட்டுவிடாத மதுரை என்று அட்டையில் போட்டு வந்த திட்டம் அது. அதற்காக மக்களிடம் கருத்துக் கேட்ட குழுவில் நான் இருந்தேன். கூட்டம் கூட்டுவது, குறிப்பெடுப்பது, அத்தியாயமாகத் தொகுப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். என்னைக் குழப்பியதை மட்டும் எழுதுகிறேன். குழப்பம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் தீரவில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். பெண்களுக்கு ஒரு நாள், தெருவோர வியாபாரிகளுக்கு ஒரு நாள், திருநங்கையருக்கு ஒரு நாள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகக் கூட்டம் வைத்தோம். தங்களைப் போன்றவர்களோடு இருந்தால்தான் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்று நினைத்தோம். மாட்டுத்தாவணியில் பூ வாங்கி வந்து தெற்குவாசலில் விற்கும் ஒரு திருநங்கை, முதல் மூன்று கூட்டங்களுக்கும் வந்தார். மூன்றாவது கூட்டத்தின்போது வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மூணு கூட்டத்துக்கும் வந்தது நான் ஒருத்திதேன். மூணு பேருன்னு எழுதிராதீங்க. அப்பறம் மூணு கக்கூஸக் கட்டி மூணையும் பூட்டிப்புடுவாங்க."

சிரித்துவிட்டு உள்ளே போனேன். சிரித்திருக்கக் கூடாது, அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் யோசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

பெண்கள் கூட்டத்தில் அந்தப் பூக்காரம்மா எழுந்து சொன்ன ஒன்றுக்கு மண்டபமே கை தட்டியது. ஷேர் ஆட்டோவில் குடித்துவிட்டு ஏறுகிறவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவனை ஏற்றக் கூடாது, தெரியாமல் ஏற்றிவிட்டால் இறக்கிவிட வேண்டும் என்றார். திட்டம் அச்சாகும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று, ஆட்டோ ஸ்டாண்டுகளுக்கு உடனே போய்ச் சொன்னோம். ஓட்டுநர்களும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் குழு சொல்லி உடனடியாக நடந்த ஒரே காரியம் அதுதான். பெருமையாக இருந்தது.

இனி என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை விட்டுவிட்டு இந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செழியன் பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளையில் ஒரு சிறு பகுதி பாதிக்கப்பட்டது. கால் இழுத்துக்கொள்ளும், நடை தள்ளாடும், நாக்கு குழறும். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. பட்டம் முடித்துவிட்டு, கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வெட்டிச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனியாபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு அவன் வேலை பிடித்துப்போனது. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஸ்டூடியோவுக்கே வந்து உட்கார ஆள் வேண்டும், செழியன் வந்தால் அவனுக்குத்தான் அந்த இடம் என்றார். எங்கள் வீடு தெற்குவாசலில். பாலத்தடியில் ஷேர் ஆட்டோ ஏறினால் வில்லாபுரம் வழியாக நேராக அவனியாபுரம்தான். மற்ற பையன்களுக்கு அது ஒரு தூரமே இல்லை.

வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். தெருவில் விழுந்தால் யார் தூக்குவார்கள், பேசுவது யாருக்குப் புரியும் என்பதெல்லாம் என் கேள்விகள். இன்றைக்கும் அவை தப்பான கேள்விகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாற்றுத்திறனாளிகள் கூட்டத்துக்குப் படிக்கட்டு இல்லாத ஒரு கல்யாண மண்டபத்தைத் தேடிப் பிடித்தோம். செழியன் தானே வாட்ஸாப்பில் பெயர் கொடுத்திருந்தான். நான்தான் கூட்டி வந்தேன். வந்த எல்லாரோடும் இப்படி ஒருவர் இருந்தார். அம்மா, தம்பி, மனைவி, பக்கத்து வீட்டுக்காரர். நம் ஊரில் துணைக்கு ஆள் இல்லாமல் யாரும் வருவதில்லை. பஸ் சலுகையில்கூடத் துணைக்கு வருபவருக்கு இடம் உண்டு.

எங்கள் குழுவின் தலைவி என்னைவிட வயதில் இளையவர், விருதுநகர்ப் பக்கம். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்தார். நீங்கள் வெளியே போக எது தடையாக இருக்கிறது?

கேட்டது ஒருவரிடம், பதில் சொன்னது பக்கத்தில் இருந்தவர். பழைய நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா, பார்வையில்லாத தன் மகளுக்காகப் பேசினார். பஸ் எது என்று இவளுக்குத் தெரியாது, தெருவெல்லாம் பைக்கை நிறுத்திவிடுகிறார்கள் என்றார். மகள் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நாகமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், போலியோவில் கால் போன தன் அக்காவுக்காகப் பேசினார். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

செழியன் முறை வந்தது. அவன் தானே பேசினான். அவன் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க நேரமாகும், அன்றைக்கு நிறையச் சொன்னான். பஸ் பிரச்சினை இல்லை, படி பிரச்சினை இல்லை, எனக்கு வேலை இருக்கிறது, போக ஆசை இருக்கிறது, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றான். முடித்ததும் வழக்கம்போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பஸ்ஸுல படி உசரமா இருக்குங்கிறான் மேடம்" என்றேன்.

அவன் சொன்னதில் பஸ் இருந்தது, படியும் இருந்தது. அந்த நேரத்தில் அது பொய் என்று எனக்குப் படவில்லை. ஆண்டுக்கணக்கில் அவன் பேச்சை ஊருக்கு ஏற்றபடி சொல்லிச் சொல்லி, எது அவன் சொன்னது, எது நான் சொன்னது என்ற கோடு அழிந்துபோயிருந்தது.

தலைவி தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார்.

"அண்ணே, தம்பி அம்புட்டு நேரம் பேசினாப்ல. இம்புட்டுத்தானா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. செழியன் சிரிக்கவில்லை. தலைவி குறிப்பேட்டை மூடி வைத்தார். துணைக்கு வந்தவர்கள் எல்லாரும் பந்தி நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் இருங்கள், டீயும் வடையும் அங்கே வரும், இங்கே கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்றார். சைகை மொழி பெயர்க்க வந்திருந்த பெண் மட்டும் இருக்கட்டும் என்றார்.

இப்படி எந்தப் பயிற்சியிலும் சொன்னதில்லை. அவரே முன்கூட்டி யோசித்ததில்லை என்று பிறகு சொன்னார். ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் இல்லாமல் என் பிள்ளை ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கமாட்டாள் என்று அந்த முஸ்லிம் அம்மாவின் குரல் உடைந்தது.

மகள் அம்மா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "போங்கம்மா. வடை ஆறிரும்" என்றாள்.

நான் தலைவியிடம் போய் மெதுவாகச் சொன்னேன். இவன் பேசுவது வேறு யாருக்கும் புரியாது மேடம், நான் மட்டும் இருக்கிறேன்.

"புரியலைன்னா திரும்பக் கேட்டுக்கிறேன்ண்ணே" என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "நீங்க இப்ப ஸ்டாஃபா, அப்பாவா? ஸ்டாஃபுன்னா நோட்ட எடுங்க. அப்பான்னா வெளிய போங்க."

ஊழியர் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம், அது உண்மையும்கூட. செழியனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே போனேன்.

பந்தி மேசைகள் இலை போடாமல் நீளமாகக் கிடந்தன. நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். வடையை யாரும் தொடவில்லை. என் இத்தனை வருட வேலையில், கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது அன்றுதான். முதலில் உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. பிறகு யாரோ பேசினார்கள். அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு. கொஞ்சம் கழித்து இன்னொன்று, இன்னும் பெரிதாக.

"என்னத்துக்கு இப்படிச் சிரிக்கிறாக?" என்றார் நாகமலைக்காரர்.

"வேற எதுக்கு? நம்மள வச்சுத்தேன்" என்றார் முஸ்லிம் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வடையை எடுத்தார். "என் மக சிரிப்பு அதுல கேக்குது. அது மட்டும் தெரியிது."

எனக்கும் கேட்டது. செழியனின் சிரிப்பு ஊளை போல் இருக்கும், வெளியிடங்களில் அடக்கிக்கொள்வான். அன்று அடக்கவில்லை. கதவைத் தட்டலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

கதவு திறந்ததும் தலைவி, சேர்ந்த பதில்களை யார் சொன்னது என்று சொல்லாமல் வாசித்தார். நாய்கள் என்றார். சாய்தளத்தை மறித்து நிற்கும் வண்டிகள், பூட்டிக் கிடக்கும் கழிப்பறை என்றார். எல்லாவற்றுக்கும் முதலில், அதிகம் பேர் சொன்னது என்று ஒன்றை வாசித்தார். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

துணைக்கு வந்த நாங்கள் ஒவ்வொருவரும் அது தன் வீடு என்று நினைத்தோம். நாகமலைக்காரர் அக்காவிடம் குனிந்து, நீயா சொன்னாய் என்று கேட்டது எனக்குக் கேட்டது. சொல்லமாட்டேன் என்றார் அக்கா.

அன்று மாலை வீட்டில் என் மனைவி ஒரு டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் எந்தப் பக்கம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை காலை செழியன் தனியாகப் பாலத்தடிக்கு நடந்தான். பின்னாலேயே போகக் கூடாது என்று மனைவி ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் செழியனின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது வேறு ஆள், வில்லாபுரம் தாண்டி இளநீர் விற்பவர். "சார், உங்க பையன் காலையிலேயே தண்ணியப் போட்டிருக்காப்ல போல. ஆட்டோக்காரன் எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். அப்பான்னு பேரு இருந்துச்சு, அடிச்சேன்."

மனைவியிடமிருந்து சாவியை எப்படி வாங்கினேன் என்று நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவன் வெயிலில் சாலையோரம் நின்றுகொண்டிருந்தான். டிபன் பாக்ஸ் கையில் இருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கியது.

"அடுத்த ஆட்டோ வரும்னு நிக்கிறேன். நீ ஏம்ப்பா வந்த?"

அந்த இடத்தில் ஸ்கூட்டரை இந்தப் பக்கம் திருப்பினால் அவனியாபுரம், அந்தப் பக்கம் திருப்பினால் வீடு. நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லித் தருவார்கள். என் கை தானாகவே வீட்டுப் பக்கம் திருப்பிற்று. பின்னால் அவன் என் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஸ்டூடியோக்காரர் மறுநாள் அழைத்தார். தம்பி வருவாரா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா, சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். செழியன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் தலைவியிடம் போனேன். மாற்றுத்திறனாளிகள் அத்தியாயத்தைத் தொகுப்பது என் பொறுப்பு. கதவைச் சாத்திக் கேட்ட பதிலை வைத்துச் சேர்த்திருந்த, வீட்டார் தடுக்கக் கூடாது என்ற வரியை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். அதை நம்பி எந்த அப்பனாவது பிள்ளையை வெளியே அனுப்பி, பிள்ளை நடுத்தெருவில் நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. "எனக்கும் தெரியலண்ணே. அன்னைக்கு உங்கள வெளிய அனுப்புனது சரியான்னு இப்ப வரைக்கும் தெரியல. அந்த ஆட்டோக்காரரக் கேட்டுட்டு அப்பறமா எடுப்போமா?"

பாலத்தடி ஸ்டாண்டில் ஓட்டுநர்களைக் கூட்டினோம். தலைவி அழைத்து செழியனும் வந்தான். அவனாக நடந்து வந்தான், நான் பத்தடி தள்ளி வந்தேன். பூக்காரம்மாவின் கடை அங்கேதான், கூடையை எடுத்துக்கொண்டு அவரும் வந்து நின்றார். இறக்கிவிட்ட ஓட்டுநர் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தானே முன்னால் வந்தார். செழியனைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசினார்.

"அண்ணே, சத்தியமா தண்ணி போட்டிருக்காப்லன்னுதேன் நெனச்சேன். நட அப்படி, பேச்சு அப்படி. வண்டியில பொம்பளப் பிள்ளைக வேற. குடிச்சவன எறக்கி விடுங்கன்னு நீங்கதான போன மாசம் வந்து சொல்லிட்டுப் போனீங்க?"

அவர் சொன்னது முழு உண்மை. பெண்கள் கூட்டத்தில் எழுந்த கைதட்டல்தான், வில்லாபுரம் தாண்டி என் மகனைச் சாலையில் நிறுத்தியிருந்தது. அந்த மனிதர் எங்கள் சொல்லைக் கேட்டு நடந்த ஒரு நல்ல மனிதர். யார் மேல் கோபப்படுவது என்று தேடினேன், ஒருவரும் கிடைக்கவில்லை.

அப்போது செழியன் பேசினான். ஒரே வாக்கியம்தான். ஓட்டுநருக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மற்ற ஓட்டுநர்களும் பார்த்தார்கள், பூக்காரம்மாவும் பார்த்தார்.

எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாயும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் மெதுவாக்கி, ஓட்டுநர் மனம் நோகாதபடி எப்படிச் சொல்லலாம் என்றுகூட வாக்கியம் தயாராகிவிட்டது. தலைவி என்னைப் பார்க்காமல் பாலத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரியலைன்னா அவன்கிட்டயே திரும்பக் கேளுங்க" என்றேன்.

ஓட்டுநர் சங்கடத்தோடு செழியன் பக்கம் திரும்பினார். என்ன தம்பி என்றார். செழியன் மறுபடி சொன்னான். ஓட்டுநர் காதைக் கொண்டுபோய் இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது முறை அவர் முகம் மாறியது.

"குடிச்சிருந்தாலுமே நடு ரோட்டுலயா எறக்கி விடுவேன்னு கேக்குறீங்களா?"

செழியன் தலையாட்டினான். அதுவரை அவனை யாரும் நீங்க என்றதில்லை. அங்கே அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பூக்காரம்மாதான் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டார். "அப்ப, குடிகாரன் பக்கத்துல நான் ஒரசிக்கிட்டு உக்காந்து போகணுமா தம்பி?"

செழியன் அவர் பக்கம் திரும்பினான். "அக்கா சொல்றதும் சரிதான்" என்றான். அதை அவர் திரும்பக் கேட்கவில்லை, புரிந்துவிட்டது.

இதை எப்படி எழுதுவது என்று தலைவி என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். குடிக்காத மாற்றுத்திறனாளியைக் குடித்தவர் என்று தவறாக எண்ணி இறக்கிவிடக் கூடாது என்று எழுதினால் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. அவன் தனக்காக மட்டும் கேட்கவில்லை. யாரோ ஒரு குடிகாரனையும் சேர்த்துக் கேட்டான். அந்தக் குடிகாரனுக்கு நாங்கள் எந்தக் கூட்டமும் வைக்கவில்லை.

பெண்கள் பாதுகாப்பாகப் பயணிக்க வேண்டும் என்பது, ஏறிய யாரையும் பாதி வழியில் விடக் கூடாது என்பது, வீட்டார் தடுக்கக் கூடாது என்பது, மூன்றும் அந்தத் திட்டத்தில் அச்சாகியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் தனித்தனிப் பக்கங்களில் நிற்கின்றன. கடைசி வரியை நான் எடுக்கவில்லை. சரியென்று தெரிந்து விட்டுவைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, முரண்பாடாக இருக்கிறதே என்று ஒன்றை நீக்கி ஒழுங்கு செய்யத் தோன்றும். செய்வதற்கு முன்னால் யாரையாவது வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதுவும் சரியான வழியா என்று நிச்சயமில்லை.

கூட்டம் கலைந்தபோது ஓட்டுநர் செழியனிடம் போனார். "நாளைக்கு வாரீங்களா? என் பக்கத்து சீட்டு உங்களுக்குத்தேன். ஆனா ஊதிக் காட்டிட்டுத்தேன் ஏறணும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். செழியன் ஊளையிட்டுச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை போனான். அன்று நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மாலையில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்கவில்லை. ஆனால் என்னை அறியாமலே அவன் முகத்தருகே குனிந்து மூச்சை இழுத்தேன். பெற்றவனே அதைச் செய்தேன்.

அவன் புரிந்துகொண்டான். வாயை அகலத் திறந்து என் முகத்தில் ஊதினான்.

பருத்திப்பால் வாசனை. வில்லாபுரத்தில் இறங்கிக் குடித்தானாம்.